அலை பார்க்காத பாசி

அத்தியாயம் 6

“மோந்து பாரு ஜெயவேலு” என்றார் அஜீஸ் மேடம்.

மோந்து பார்த்தேன். புளியந்தோப்பில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எங்கள் மூக்கு எப்போதோ வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

“இன்னா வாசனை?”

“கலீஜ் வாசனை.”

“எந்த மாதிரி கலீஜ்?”

“கலீஜுல இன்னா மேடம் ஏசி கோச்சு, சாதா கோச்சுன்னா கீது? கலீஜுன்னா கலீஜுதான்.”

டாக்டர் ஜெபசிங் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. மேடம் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன். மேடமோ என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, “இவன் இப்படித்தான் டாக்டர், நீங்க சொல்லுங்க” என்றார். எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் நோட்டுப்புத்தக அளவில் ஓர் இரும்புத் தகடு. தகட்டின் மேல் சிவப்பு பெயின்ட். பெயின்ட்டின் மேல் விரல் கனத்துக்குச் சாம்பலும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. அந்தக் கொழகொழப்புதான் கார்குழலியின் தலையெழுத்து.

கார்குழலி எங்களிடம் துப்பறியச் சொல்லி வந்த கட்சிக்காரி. திருவொற்றியூரில் இருக்கும் இந்த ‘அலைமகள் பெயின்ட்ஸ்’ கம்பெனியில் விஞ்ஞானி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்து, உபகாரச் சம்பளத்தில் படித்து வந்தவள். கப்பல், படகுகளின் அடிப்பகுதியில் எதுவுமே ஒட்டாத ஒரு சிவப்பு பெயின்ட்டைக் கண்டுபிடித்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அது ஜோராக வேலை செய்தது. பிறகு உண்மையான தண்ணீரில் பார்க்கலாம் என்று, முகத்துவாரக்குப்பத்தில் ஆறு கடலோடு சேரும் இடத்தில், பெயின்ட் அடித்த தகட்டைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் கம்பெனி எம்.டி. முன்னிலையில் தூக்கினால், தகடு இந்த லட்சணத்தில் வந்தது.

ஆய்வுக்கூடத்து முடிவுகளெல்லாம் பொய், நீ ஏமாற்றியிருக்கிறாய் என்று எம்.டி. அங்கேயே கத்திவிட்டார். தகட்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள் கார்குழலி. இன்று மாலை விசாரணைக் கூட்டம். அதற்குள் தகட்டை மாற்றியது யாரென்று நாங்கள் காட்டாவிட்டால் கார்குழலிக்கு வேலை போகும். அதைவிட, ஏமாற்றுக்காரி என்ற பெயர் வரும். அந்தப் பெயரோடு இந்தத் துறையில் வேறு எங்கேயும் நுழைய முடியாது. கம்பெனியின் பழைய பச்சை பெயின்ட்டே தொடரும்.

அவளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர். ராயபுரம் கல்மண்டபத்தில் வலைக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் அஜீசுன்னிசா என்கிற அஜீஸ் மேடம். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவது, ஃபிளாஸ்க் தூக்குவது, அவ்வப்போது மூளையைக் கொடுத்து உதவுவது என்று சகலமுமாக இருக்கும் நான்.

“இந்தப் பாசி...” என்று மேடம் தொடங்கினார்.

“பாசி இல்லீங்க மேடம்” என்றார் ஜெபசிங். ஆய்வுக்கூடத்தின் தலைவர். இஸ்திரி கலையாத சட்டை. “பாசி செடி வர்க்கம். இது பாக்டீரியா. பயோஃபிலிம்னு சொல்லுவோம். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க ஒரு இடத்துல ஒட்டி, தாங்களே ஒரு பசையைச் சுரந்து, அதுக்குள்ள கூட்டமா குடியிருக்கும்.”

“ஹவுசிங் போர்டு மாதிரி” என்றேன் நான்.

“அதேதான்! ஹவுசிங் போர்டு மாதிரி மாடி மாடியா கட்டும்.”

“அழகா சொன்னீங்க டாக்டர்” என்றார் மேடம், அவரிடம்.

சொன்னது நான். பாராட்டு அவருக்கு. எத்தனை வருடமாக இந்த அம்மாவுக்கு ஃபிளாஸ்க் தூக்குகிறேன், ஒருநாள் ஒரு ‘அழகா சொன்ன’ உண்டா?

“வேடிக்கை என்னன்னா மேடம்” என்று அவர் விடாமல் தொடர்ந்தார், “ஒரே கிருமிதான். ஆனா எப்படி வளருதோ அப்படித்தான் வீடு கட்டும். தண்ணி வேகமா ஓடுற இடத்துல மெலிசா, கெட்டியா, தண்ணி போற பக்கமே சாஞ்சு கட்டும். தண்ணி நின்ன இடத்துல உயரமா, பொலபொலன்னு, காளான் மாதிரி கட்டும். தீனி அதிகமா கிடைச்சா தடிக்கும். சூடு கொஞ்சம் கூடினா சீக்கிரமா வளரும்.”

மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதை சொன்னால் கொட்டாவி விடுகிற அதே கன்னம்.

“டாக்டர், இங்கேயே இந்த மாதிரி தொட்டியில வளர்த்து, மாத்தி வச்சிருக்கலாம் இல்லியா?” என்றேன். கேள்வி நேராக அவர் நெஞ்சுக்குத்தான்.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஒரு பெரிய தொட்டிக்கு அழைத்துப் போனார். “அந்தக் கண்ணாடித் தொட்டி தகட்டை வச்சுப் பார்க்கத்தான். கிருமி வளர்க்கிற தொட்டி எங்ககிட்ட இது ஒண்ணுதான். கப்பல் ஓடுற மாதிரி இருக்கணும்னு மோட்டார் வச்சுத் தண்ணியை ஒரே பக்கமா சுத்த விட்டுக்கிட்டே இருப்போம். கரண்ட் போனாக்கூட ஜெனரேட்டர்ல ஓடும்.” உள்ளிருந்து ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். அதிலும் படலம் இருந்தது. ஆனால் மெலிதாக, இழை இழையாக, அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

“எண்ணெய் வச்சுப் படிய வாரின தலை” என்றார் மேடம். பிறகு கண்ணாடித் தொட்டிக்குத் திரும்பி வந்து குனிந்தார். “இது?”

“குளிச்சுட்டுத் துவட்டாத தலை” என்றேன். இந்த முறை முந்திக்கொண்டேன்.

மேடம் தகட்டின் மேல்பக்கம் ஓர் இடத்தை விரலால் காட்டினார். படலம் அங்கே திடீரென்று முடிந்திருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல. கோட்டுக்குக் கீழே மற்ற இடத்தைவிட இன்னும் தடிப்பு. கோட்டுக்கு மேலே சிவப்பு பெயின்ட் சுத்தமாக இருந்தது. மேடம் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

“கார்குழலி இந்தத் தகட்டைப் பார்த்தாளா டாக்டர்?”

“தூக்கும்போது பக்கத்துலதான் நின்னா. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா. ஒரு வார்த்தை பேசல.”

“இந்த விஷயத்துல உங்களைவிட அவ கெட்டிக்காரின்னு சொன்னாங்களே?”

“நூறு மடங்கு” என்றார் ஜெபசிங். தயங்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போவதற்கு அது இன்னொரு காரணம்.

“அப்போ இந்தப் பாடத்தை எல்லாம் அவதானே எங்களுக்கு எடுத்திருக்கணும்?” என்று மேடம் தனக்குள் கேட்டுக்கொண்டார். “‘மாத்திட்டாங்க, கண்டுபிடிங்க’ன்னு சொன்னதோட சரி.”

*

வண்டியில் போகும்போது நான் வாயை மூடவில்லை.

“மேடம், அந்த இஸ்திரி சட்டைதான் ஆளு. தலைவர் ஒருத்தர் இருக்கிறப்போ கீழ வேலை செய்றவ பேரு வாங்கினா வவுறு எரியாதா? நூறு மடங்காம். எவனாவது மனசார அப்படிச் சொல்வானா?”

“உனக்கு அவரைப் பிடிக்கல.”

“துப்பறியுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல மேடம்.”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து முகத்துவாரக்குப்பம் போய்ச் சேர்ந்தோம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் எதிரே நின்றன. கரையோரத் தண்ணீரில் காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. கருங்கல் சுவரில் அறைந்து வைத்த மரச்சட்டம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் கெங்கம்மா. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். சட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடம்தான் கார்குழலி ஒப்படைத்திருந்தாள்.

“இன்னா நைனா, நீங்கதான் சிஐடியா? பாத்தா கூரியர்காரன் மாரி கீற” என்றாள் என்னைப் பார்த்து.

“மாறுவேஷம்” என்றேன்.

“எக்கா, இந்தச் சட்டத்துக்கிட்ட யாராச்சும் புதுசா வந்தாங்களா?” என்று மேடம் கேட்டார்.

“புதுசா ஒரு ஈ காக்கா வர்ல. நான் இங்கியேதான கீறேன். குழலி வரும். அது வூட்டுக்காரரு வருவாரு. கம்பெனி ஆளுங்க வருவாங்க. அவ்ளோதான்.” சற்று யோசித்தாள். “ஆங், அந்த ஜெபசிங் சாரு ஒருக்கா தனியா வந்தாரு. கார எட்டக்க வுட்டுட்டு நடந்து வந்தாரு.”

எனக்குள் பட்டாசு வெடித்தது. மேடத்தைப் பார்த்தேன். ‘எப்படி?’ என்று புருவத்தைத் தூக்கினேன்.

“தனியா இன்னாத்துக்கு வந்தாரு?” என்றேன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

“எறா வாங்க.”

“எறாவா?”

“ஆமா. ரெண்டு கிலோ. பேரமே பேசல, தங்கமான மன்ஷன். இங்கியே குந்திகினு நான் உரிச்சுக் குடுக்குற வரைக்கும் பேசிகினு இருந்தாரு. சட்டத்துப் பக்கமே போவல.”

பட்டாசு நமுத்துப்போனது. மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். காலையிலிருந்து அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. அதுவும் நான் மண்ணைக் கவ்வியதற்கு.

“சட்டத்துல இன்னொரு தகடு தொங்குதே?” என்றார் கெங்கம்மாவிடம்.

“அது பெயின்ட் அடிக்காதது. சும்மா தொங்கவுட்டு வச்சிக்கீறாங்க, பக்கத்துல வச்சுப் பாக்க. முதலாளி அன்னிக்கி ஒண்ணைத் தூக்கிப் பாத்ததும் கத்திட்டுக் கார்ல ஏறிட்டாரு. இத்த யாருமே தொடல.”

நான் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி அதைத் தூக்கினேன். வெற்று இரும்புத் தகடு. அதன் மேலும் படலம் பிடித்திருந்தது. ஆனால் பழைய செருப்பின் தோலைப்போல் மெலிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அழுத்திச் சுரண்டினேன். நகம்தான் உடைந்தது.

“எப்படிச் சாஞ்சிருக்கு பாரு” என்றார் மேடம்.

பார்த்தேன். கொஞ்சம் இழை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சம் ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சீவிய தலை.

“ஓதம் ஏறினா தண்ணி உள்ள வரும், வத்தினா வெளிய போவும்” என்றாள் கெங்கம்மா. “ஒருநாளும் ஒரே மட்டத்துல நிக்காது.”

மேடம் ஃபிளாஸ்க்கைத் திறந்து, கெங்கம்மாவுக்கு ஒரு கப் டீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கு ஊற்றவில்லை.

“ஜெயவேலு, பெயின்ட் அடிக்காத தகட்டுல இவ்வளவுதான் ஒட்டியிருக்கு. அடிச்ச தகட்டுல அதைவிடப் பத்து மடங்கு. எந்த மட்டமான பெயின்ட்டும் கிருமியைக் கூப்பிட்டு விருந்து வைக்காது.”

“அப்போ அது இந்தத் தண்ணியில வளரல.”

“அலையையே பார்க்காத பாசி அது. இங்க வளர்றது எல்லாம் அடி வாங்கி, பிடிச்சதை விடாம வளருது. அது நின்ன தண்ணியில, வேளாவேளைக்குத் தீனி தின்னு, உட்கார்ந்த இடத்துலயே கொழுத்திருக்கு.”

“அந்தக் கோடு?”

“கடலுக்கு லெவல் கோடு போடத் தெரியுமா? தகடு அரைகுறையா முங்கின மாதிரி, தண்ணி மட்டம் ஏறாம இறங்காம நின்ன இடம். காத்தும் தண்ணியும் சேர்ற இடத்துலதான் அதுங்களுக்குக் கொண்டாட்டம், அதான் அங்க தடிப்பு. ஒரு தொட்டி. இல்லன்னா ஒரு டிரம். தண்ணி குறையக் குறைய யாரோ ஊத்தி, மட்டம் மாறாம பார்த்துக்கிட்டு, சோறு போட்டு வளர்த்திருக்காங்க.”

“பெத்த புள்ளைய வளர்க்கிற மாரி.”

“ஆமா” என்றார் மேடம். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. “அவ்வளவு பொறுமையா யாரைக் கெடுக்கத் தோணும் ஜெயவேலு? எதிரியையா?”

*

கார்குழலியின் வீடு திருவொற்றியூரில் ஒரு குறுகிய தெருவில், மாடிப் படிக்கு அடியில் கதவு வைத்த கீழ்வீடு. அவள் கதவைத் திறந்தபோது கூட்டத்துக்குக் கிளம்பத் தயாராகப் பருத்திப் புடவை கட்டியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அவள் கணவன் எழிலன் எங்களுக்கு டீ கொண்டுவந்தான். அதே கம்பெனியில் பெயின்ட் கலவைப் பிரிவில் வேலை. அவளைவிட சீனியர். கல்யாணத்துக்கு முன்பே அவளை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்து சேர்த்தவனும் அவன்தான்.

“ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?” என்றான். “நாலு நாளா இவ சாப்பிடல. எனக்கு மனசே சரியில்ல. அந்த எம்.டி.க்கு எப்படித்தான் இவளை ஏமாத்துக்காரின்னு சொல்ல வாய் வந்துதோ. போன ஆயுத பூஜை அன்னைக்கு, எல்லாரும் நிக்கிறாங்க, கையில பொரிகடலை வச்சுக்கிட்டு, ‘குழலி, இந்தக் கம்பெனியோட மூளையே நீதாம்மா’ன்னு சொன்னாரு. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, ‘என்ன எழில், சரிதானே?’ன்னு வேற கேட்டாரு.”

“அப்படியா சொன்னாரு?” என்றாள் கார்குழலி. “எனக்கு ஞாபகமே இல்ல.”

“சொன்னாரே. நீலக்கரை போட்ட வேட்டி கட்டியிருந்தாரு.”

என் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

காலையில் மேடம் ஜெபசிங்கிடம் ‘அழகா சொன்னீங்க டாக்டர்’ என்றாரே, அப்போது மேடம் எந்தக் கையைக் கன்னத்தில் வைத்திருந்தார் என்று கேளுங்கள், சொல்கிறேன். இடது கை. ஜெபசிங்கைக் கேட்டால் அவருக்கு அந்தப் பாராட்டே நினைவிருக்காது. பாராட்டு வாங்கியவர் அதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் நின்று வயிறெரிந்தவனுக்குத்தான் வேட்டியின் கரைகூட மறக்காது.

மேடத்தின் காதருகே குனிந்தேன். “மேடம், இவனுக்கும் என் வியாதிதான்.”

“என்ன வியாதி?”

“அப்புறம் சொல்றேன். ஆனா இவன்தான்.”

மேடம் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அதற்குள் தெருவில் ஹார்ன் அலறியது.

“லாரி! தண்ணி லாரி!”

அவ்வளவுதான். தெருவே எழுந்து ஓடியது. லாரி வருகிற நாளில் எங்கள் பக்கம் எழவு வீட்டில்கூடப் பாதிப் பேர் குடத்தோடு வெளியே வந்துவிடுவார்கள். கார்குழலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு குடங்களைத் தூக்கினாள். எழிலன் வாசலில் இருந்த சிவப்பு டிரம்மை உருட்டினான். எதிர்வீட்டில் ஒருவர் சோற்றுக் குண்டானைக்கூட எடுத்துக்கொண்டு ஓடினார்.

மாடிப் படிக்கு அடியில் ஒரு நீல டிரம் மட்டும் அசையாமல் நின்றது. மூடியின் மேல் பழைய பேப்பர் கட்டு, அதன் மேல் உடைந்த டேபிள் ஃபேன்.

“தம்பி” என்று மேடம் எழிலனைக் கூப்பிட்டார். “அந்த நீல டிரம்மை விட்டுட்டீங்களே?”

“அது ஓட்டை மேடம். தண்ணி நிக்காது.”

“எவ்வளவு நாளா?”

“மழைக்காலத்துக்கு முன்னாடியே போச்சு. தூக்கிப் போடணும்.”

மேடம் என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் போய் டிரம்மை ஒரு தட்டு தட்டினேன். காலி டிரம் ‘டொய்ங்’ என்று பாடும். இது ‘தொப்’ என்றது. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அம்மிக்கல் மாதிரி நின்றது.

“மேடம்” என்றேன் சத்தமாக, “ஓட்டை டிரம்முல தண்ணி நிக்கிது.”

எழிலன் கையிலிருந்த சிவப்பு டிரம் உருண்டு போய் லாரிச் சக்கரத்தில் முட்டியது. அவன் அதைப் பிடிக்கப் போகவில்லை.

ஃபேனையும் பேப்பரையும் இறக்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். இந்த வாசனையைக் காலையிலேயே மோந்து பார்த்திருந்தேன், பெயர் சொல்லத்தான் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. புளித்த கஞ்சி. மேலே பால் ஏடுபோல் ஒரு தோல் மிதந்தது. டிரம்மின் உள்பக்கம் சுற்றிலும் தடித்த ஒரு வளையம், கோடு கிழித்தாற்போல. நடுவில் நைலான் கயிற்றில் இன்னொரு தகடு பாதி முங்கித் தொங்கியது. சிவப்பு பெயின்ட். மேலே விரல் கனத்துக்குக் கொழகொழப்பு. முதல் தகடு சரியாக வராவிட்டால் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறான்.

மேடம் தன் போனில் இருந்த படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கோடு. டிரம்மையும் படம் எடுத்துக்கொண்டார்.

“அதே சிவப்புல வேற பெயின்ட்டு கலக்கத் தெரிஞ்சவருக்கு, அதுல ஒட்டுறது எப்படிக் குடித்தனம் பண்ணும்னு தெரியல” என்றார். “அது உங்க மனைவியோட படிப்பு.”

பேசியது கார்குழலிதான். இடுப்பில் நிரம்பிய குடத்தோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“குக்கர் சோறு வேணாம், வடிச்ச சோறுதான் வேணும்னு திடீர்னு சொன்ன. சரி, நீயே வடின்னு விட்டுட்டேன். கஞ்சி எங்கன்னு ஒருநாள் கேட்டேன். மாட்டுக்கு ஊத்திட்டேன்னு சொன்ன.” குடத்தைக் கீழே இறக்கினாள். “நம்ம தெருவுல மாடே இல்ல எழில்.”

“குழலி...”

“என்னோட தகடு எங்க?”

அவன் உள்ளே போனான். நான் கூடவே போனேன். பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியில், பழைய கம்பெனி யூனிஃபார்மில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து அவளிடம் நீட்டினான். அவள் பிரித்தாள். சிவப்புத் தகடு, நேற்று பெயின்ட் அடித்ததுபோல் இருந்தது. மூலையில் கட்டிய கயிற்றில் மட்டும் ஆற்றின் கறை.

“இதைத் தூக்கி ஆத்துலயே போட்டிருக்கலாமே தம்பி? எங்களுக்கு ஆதாரமே கிடைச்சிருக்காது” என்றார் மேடம்.

“முடியல மேடம்.” அவன் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “தினமும் எடுத்துப் பார்ப்பேன். எங்கயாவது ஒரு புள்ளி ஒட்டியிருக்கான்னு தடவித் தடவிப் பார்ப்பேன். ஒண்ணுகூட ஒட்டல. கம்பெனியில ஓடுதே அந்தப் பழைய பச்சை, அது என்னுது மேடம். நான் கலக்கினது. அதுக்காக எம்.டி. எனக்குக் கைகொடுத்தாரு. இவ வந்த பிறகு யாரும் என்னை எழிலன்னு சொல்றதில்ல. குழலி வூட்டுக்காரர்னுதான் சொல்றாங்க. எறா விக்கிற அம்மாகூட.”

கெங்கம்மா காலையில் சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. புதிதாக யாரும் வரவில்லை, அது வீட்டுக்காரர் வருவார். அவனை யாரும் ஓர் ஆளாகவே கணக்கில் வைக்கவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது, அதுதான் அவனுக்கு வசதியாகவும் இருந்தது. அவன்மேல் கோபம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு என்னமோ செய்தது.

மேடம் கார்குழலியின் தோளைத் தொட்டார். “நீ அன்னைக்கே அந்தக் கோட்டைப் பார்த்துட்ட, இல்லம்மா?”

“தூக்கின உடனே பார்த்துட்டேன் மேடம்.” அழாமல் சொன்னாள். “ஆத்துல வளர்ந்தது இல்ல, டிரம்முல வளர்ந்ததுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்தா படிக்கட்டுக்கு அடியில இது நிக்குது. நாலு நாளா இதைத் தாண்டித்தான் போறேன், வர்றேன். மூடியைத் தொடல.” முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “வேற யாரோட டிரம்மாவது கிடைக்கும்னுதான் மேடம் உங்களைக் கூப்பிட்டேன்.”

தெருவில் குழாய்ச் சத்தமும் குடச் சண்டையும் நடந்துகொண்டிருந்தன.

“கூட்டத்துக்கு நேரமாச்சு” என்றார் மேடம். “இந்தத் தகட்டை எடுத்துட்டுப் போ. ஆத்துல தொங்குற வெறும் தகட்டையும் நாங்க கொண்டுவர்றோம். டிரம்மோட படம் என்கிட்ட இருக்கு. யார் வீட்டு டிரம்னு நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லுவேன்” என்றாள் கார்குழலி. “சொல்லலைன்னா ஏமாத்துக்காரின்னு நான்தான் இருக்கணும்.”

நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். மேடம் என்னிடம் போனை நீட்டி, “ஜெபசிங்குக்குப் பேசு. குழலி வர்ற வரைக்கும் கூட்டத்தைத் தொடங்க வேணாம்னு சொல்லு” என்றார். உலகத்தில் எனக்குப் பிடிக்காத வேலை அது. பேசினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “கண்டுபிடிச்சது நீங்களா ஜெயவேலு? பிரமாதம்!” என்றார். அந்த மனிதரிடமிருந்து அது வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

கார்குழலி தகட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். எழிலன் ஓர் அடி எடுத்துவைத்தான்.

“நானும் வரட்டுமா குழலி?”

“லாரி இன்னும் போகல” என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். “அந்த டிரம்மைக் கழுவித் தண்ணி பிடி. தெருவுல எல்லாருக்கும் தண்ணி வேணும்.”

ஆட்டோ போய்விட்டது.

“அவன்தான்னு எப்படிச் சொன்ன?” என்று மேடம் கேட்டார்.

“ஆயுத பூஜை. பொரிகடலை. நீலக்கரை வேட்டி” என்றேன். “மேடம், நீங்க காலையில ஜெபசிங்கைப் பாராட்டுனப்போ...” அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருந்தது. மேடத்துக்குப் புரிந்துவிட்டது. ஃபிளாஸ்க்கைத் திறந்து, கடைசியாக இருந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டீ ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தேன்.

டிரம்மில் தொங்கிய இரண்டாவது தகட்டைச் சாட்சிக்காக வாளியில் எடுத்து வைத்துக்கொண்டோம். எழிலன் டிரம்மைச் சாய்த்து, புளித்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தான். உள்ளே கைவிட்டுத் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்தான். அத்தனை நாள் வளர்த்தது பாய் சுருட்டுவதுபோல் ஒரே இழுப்பில் உரிந்து வந்தது. காலையில் என் நகத்தை உடைத்த படலத்தை நினைத்துக்கொண்டேன்.

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். என்னைத்தான் கூப்பிட்டான்.

“சார்.”

“இன்னா?”

“அந்தத் தகட்டைப் பார்த்தா எம்.டி. இன்னைக்கு அவகிட்ட என்ன சொல்லுவாரு சார்?”

அவன் கண்ணைப் பார்த்தேன். வேலை போகப்போகிறது, மனைவி போய்விட்டாள், தெருவே வேடிக்கை பார்க்கிறது. அவன் உண்மையாகவே அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினான். போய்விட்டு வந்து அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டான்.